முதலில் ஓரத்தை எண்ணப் பழக்குங்கள்

திருகோணமலை, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பாடசாலைகளில் ஆரம்பப் பிரிவுக்குக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சதுர ஓடுகளை ஒட்டி அடுக்கிய உருவத்தின் சுற்றளவைக் கேட்டால், பல பிள்ளைகள் வெளிவரிசை ஓடுகளை எண்ணிவிடுகிறார்கள். 3 × 3 சதுரத்தில் அந்த ஓடுகள் 8. சுற்றளவோ 12 அலகு. மூலை ஓடு இரண்டு பக்கத்தை வெளியே காட்டுகிறது, பிள்ளை அதை ஒருமுறைதான் எண்ணுகிறது. நாலு மூலையிலும் நாலு அலகு தொலைந்துபோகிறது.

இதற்கு ஈர்க்கு போதும். மட்டைப் பெட்டியில் 4 சென்ரிமீற்றர்ச் சதுரங்கள் 6 வெட்டுங்கள். ஈர்க்கை அதே நீளத்தில் 14 துண்டாக நறுக்குங்கள். ஆறு சதுரத்தைப் பக்கத்தோடு பக்கம் முழுதாகப் பொருத்தினால், எப்படி அடுக்கினாலும் சுற்றளவு 14ஐத் தாண்டாது. பாதி விலகி ஒட்டினால் ஈர்க்குக் கணக்கு குழம்பும். அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு, திறந்திருக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் ஈர்க்கை வைத்து எண்ணட்டும்.

இனி 5 சதுரத்தில் 'ட' வடிவம் செய்யச் சொல்லுங்கள், நீளம் 3, அகலம் 3. நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரட்டித்தால் 12. ஈர்க்கும் 12. இந்த இடத்தில்தான் பிள்ளை அந்தச் சூத்திரத்தை நம்பத் தொடங்குகிறது. அடுத்து அதே 5 சதுரத்தில் 'ப' வடிவம், நீளம் 3, அகலம் 2. சூத்திரம் 10 என்கிறது, ஈர்க்கு 12. பள்ளத்தின் இரு சுவர்களும் சூத்திரத்தின் கண்ணில் படவில்லை.

ஆறாவது சதுரத்தை அந்தப் பள்ளத்தில் வைக்கும்போது தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பிள்ளையே தன் கையால் மூன்று ஈர்க்கை எடுத்து, மேலே ஒன்றை வைக்க வேண்டும். ஓடு கூடியது, சுற்றளவு 10க்கு இறங்கியது. இதைக் கண்ட பிள்ளைக்கு விதி தானாகப் புரியும்: ஒவ்வொரு ஒட்டும் இரண்டு பக்கத்தை மறைக்கிறது. 6 ஓட்டுக்கு 24 பக்கம், 7 ஒட்டு. 24இல் 14 போக 10. சதுரத்தின் பக்கம் 4 சென்ரிமீற்றர் என்பதால் விடை 40 சென்ரிமீற்றர். அலகை எழுத மறப்பதும் இங்கேதான்.

நடுவில் ஓட்டை விட்ட 8 ஓட்டு வளையத்தைக் கொடுத்தால், வெளி ஓரம் 12, உள் ஓரம் 4. எதைக் கேட்கிறீர்கள் என்று வினாவிலேயே எழுதுங்கள்.

தவணைப் பரீட்சைத் தாளில் 'ப' வடிவம் ஒன்றாவது இருக்கட்டும். 'ட' வடிவத்தை மட்டும் கொடுத்தால், யார் ஓரத்தை எண்ணினார், யார் சூத்திரத்தைப் போட்டார் என்று விடையிலிருந்து உங்களுக்குத் தெரியவராது.

இப்படிக்கு,
ஆரம்பக் கணிதம் கற்பிப்போர் சிலர்,
திருகோணமலை