மராஷ் தையலும் தோட்டத்துப் பெண்களும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பண்டாரவளைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றைச் சேர்ந்த என் பழைய மாணவி ஒருவர், பெய்ரூட்டின் பூர்ஜ் ஹமூத் பகுதியில் ஆர்மேனியக் குடும்பமொன்றில் ஒன்பது ஆண்டுகள் வீட்டுவேலை செய்துவிட்டு அண்மையில் ஊர் திரும்பியுள்ளார். அந்த வீட்டு மூதாட்டியிடம் கற்று, இரவு நேரங்களில் தம் கையாலேயே தைத்த மேசை விரிப்பொன்றை அவர் என்னிடம் காட்டினார். முப்பது ஆண்டுகள் மனையியல் கற்பித்திருந்தும் அப்படியொரு தையலை நான் அதுவரை கண்டதில்லை.

விரிப்பின் நடுவே இருந்தது மராஷ் தையல். முதலில் துணியில் நூலைக் குறுக்கும் மறுக்குமாகத் தைத்து ஒரு சட்டம் அமைத்துக்கொள்கிறார்கள். பிறகு இரண்டாவது நூல், துணியைக் குத்தாமலே, அந்தச் சட்டத்து இழைகளின் மேலும் கீழுமாகப் பாய் முடைவதுபோல் ஓடுகிறது. முன்பக்கம் நம் சிக்குக் கோலத்தை ஒத்த பின்னல். திருப்பிப் பார்த்தால் சிறு சிறு கோடுகள் மட்டுமே. விளிம்பில் இருந்தது ஐன்தாப் வேலை. வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி உருவிவிட்டு, எஞ்சியவற்றை வெள்ளை நூலாலேயே சுற்றிக் கட்டுவது அதன் முறை. கண்ணுக்கு மிகுந்த சிரமம் தரும் வேலை அது.

மராஷும் ஐன்தாப்பும் இன்றைய துருக்கியிலுள்ள ஊர்கள். ஓட்டோமான் பேரரசில் 1915 இல் தொடங்கிய ஆர்மேனியர் இனப்படுகொலையிலிருந்து உயிர் தப்பி, சிரியாவின் அலெப்போவிலும் லெபனானின் பெய்ரூட்டிலும் ஒதுங்கிய ஆர்மேனியப் பெண்கள் பலருக்கு இந்த ஊசிவேலைதான் சோறு போட்டது. இழந்த ஊர்களின் பெயர்களையே தையல்களின் பெயர்களாக அவர்கள் இன்றும் வழங்கி வருகிறார்கள். ஆர்மேனியர் தமிழருக்கு முற்றிலும் புதியவர்களுமல்லர்: ஆர்மேனிய மொழியின் முதல் பருவ இதழ் 1794 இல் சென்னைப் பட்டணத்தில்தான் அச்சாயிற்று.

நான் எழுத வந்தது இதற்காகவே. நம் தோட்டங்களில் நான் கண்ட தையல் வகுப்புகள் பெரும்பாலும் ஆடைத் தொழிற்சாலை வேலைக்கான இயந்திரப் பயிற்சியோடு நின்றுவிடுகின்றன. அந்தப் பயிற்சி தேவைதான். ஆனால் சிறு குழந்தைகளை விட்டு வெளியூர் போக முடியாத தாய்மார், தாம் குடியிருக்கும் லயத்திலிருந்தே செய்யக்கூடிய கைவேலையையும் அங்கு கற்க வழி இருக்க வேண்டும். தேயிலையைக் காட்டி விருந்தினரை வரவழைக்கும் பங்களா ஹோட்டல்கள், இயந்திரத்தில் அச்சான துணிக்குப் பதிலாக, அத்தேயிலையைப் பறிக்கும் பெண்கள் தைத்த விரிப்பை மேசையில் இடலாமே. மராஷ் முறையில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் தைத்துத் தருமாறு கேட்டேன். மாணவி ஒரு வாரத்தில் தைத்துக்கொண்டு வந்தார். மிக அழகாக வந்திருந்தது.

இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. கோலம் நம்முடையதாக இருந்தாலும் தையலை மராஷ் என்ற பெயராலேயே விற்க வேண்டும். கற்றுத்தந்தவர்களின் பெயரை மறைப்பது நமக்கு அழகல்ல. விலையைத் துணியின் அளவை வைத்து நிர்ணயிக்காமல், தைத்த மணித்தியாலங்களைக் கணக்கிட்டுக் கூலி தர வேண்டும்.

மாணவி கற்பிக்க ஆயத்தமாக இருக்கிறார். நல்ல வெளிச்சமுள்ள ஓர் அறையும், இழைகளை எண்ணக்கூடிய லினன் துணியும் கிடைத்தால் போதும் என்கிறார். பிரதேச செயலகமோ, தோட்ட நிர்வாகமோ, மாதர் சங்கமோ முன்வருமாயின், வாரம் இரு நாள் அவரோடு இருந்து உதவ நானும் வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை,
பண்டாரவளை.