முத்துவுக்காக ஓடி வந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

முத்து எங்கள் வீட்டில் வளரும் லெப்பர்ட் கெக்கோ என்ற வகைப் பல்லி. சுவர்க்கோழியைக் கண்டால் வால் நுனியை ஆட்டிக்கொண்டு பாய்கிற பெண் பல்லி, திடீரென்று எதைப் போட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு பல்லிக்கா இவ்வளவு கவலை என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதற்கே முதல் நன்றி.

அக்கா, நீங்கள் வைத்தியம் எதுவும் சொல்லாமல் கேள்விகளாகக் கேட்டீர்கள். எச்சம் போடுகிறதா? சட்டை உரிக்கும் நேரமா? வால் பருமனாக இருக்கிறதா? இந்தப் பல்லிகள் கொழுப்பை வாலில்தான் சேர்த்து வைக்கும், வால் குண்டாக இருந்தால் வளர்ந்த கெக்கோ சில வாரம்கூடத் தாங்கும், வால் மெலியத் தொடங்கினால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதே என்றீர்கள். வாயைப் பிளந்து ஊட்டவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னதும் நீங்கள்தான். அன்று இரவு நான் தூங்கினேன் என்றால் அது உங்களால்.

தம்பி, முத்து இருக்கும் தொட்டியின் கண்ணாடியில் ஒட்டிய வெப்பமானி காற்றின் சூட்டைத்தான் காட்டும் என்று சொல்லி, நீ சென்சாரைத் தரையில் வைத்துப் பார்த்தாய். 32 டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் 26. தரைக்குச் சூடு தரும் ஹீட் மேட் பழுதாகியிருந்தது. உடம்புக்குப் போதிய சூடு இல்லையென்றால் இவற்றுக்குத் தின்றது சரியாகச் செரிக்காது, பசியும் எடுக்காது. புது மேட்டையும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் அன்றே மாட்டிக் கொடுத்தாய். தின்னாத பூச்சிகளை இரவில் உள்ளே விடாதீர்கள், சோர்ந்த பல்லியை அவை கடித்துவிடும் என்று நீ சொன்னதை இன்றும் கடைப்பிடிக்கிறோம்.

சூடு சரியானது. அப்புறமும் அவள் தின்னவில்லை.

டாக்டர் அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? எச்சத்தைச் சோதித்துப் புழு இல்லை என்றீர்கள். பிறகு அவளை மெல்லத் தூக்கி, அடிவயிற்றுத் தோலுக்குள் மங்கலாகத் தெரிந்த இரண்டு முட்டைகளை எங்களுக்கும் காட்டினீர்கள். ஆணோடு சேராத பெண்ணுக்கும் முட்டை உருவாகும், அந்தச் சமயத்தில் சாப்பாட்டை வெறுப்பது சகஜம் என்று பொறுமையாக விளக்கினீர்கள். ஈரமான தேங்காய் நார்த்தூள் போட்ட பெட்டி, தனிக் கிண்ணத்தில் கால்சியம் என்று என்னென்ன வேண்டும் என்பதைச் சொல்லி, முட்டையிட முடியாமல் முக்கினால் உடனே கொண்டுவரச் சொன்னீர்கள். அந்தத் தெளிவுதான் எங்களை நிதானமாக வைத்தது.

முட்டைகள் இரண்டும் சிக்கலில்லாமல் வந்துவிட்டன. மறுநாளே முத்து மாவுப்புழுவைப் பாய்ந்து பிடித்தாள்! எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

கிராம் கணக்கில் நிறுக்கும் தராசைக் கேட்காமலே கொண்டுவந்து தந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் நன்றி. முட்டையில் போன எடை இன்னும் முழுவதும் திரும்பவில்லை, வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வருகிறோம். தராசு இன்னும் கொஞ்ச நாள் எங்களிடமே இருக்கட்டும், அண்ணா.

அன்புடன்,
முத்துவின் வீட்டார்