அஞ்செட்டி – ஒகேனக்கல் காட்டுச் சாலைக்கு எண் கல்லும் வழிகாட்டிப் புத்தகமும் வேண்டி மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர்,
அஞ்செட்டி, கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கிருஷ்ணகிரி.

பொருள்: அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் செல்லும் சாலையில், பகல் பயணிகளுக்கு நிறுத்துமிடங்களும் வழிகாட்டிப் புத்தகமும் ஏற்படுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் பல வருடம் இந்தச் சாலையில் பேருந்து ஓட்டியவன். வீரப்பன் பெயரைச் சொன்னாலே பொழுது சாயும் முன் ஊர் அடங்கிய காலத்திலும் ஓட்டினேன். இன்று அந்தப் பயம் இல்லை. ஆனால் விடுமுறை நாளில் அதே வழியில் போனால் மனசு கெட்டுப்போகிறது. கார்கள் வளைவிலேயே நிற்கின்றன. குரங்குக்கு பிஸ்கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, உறையை அங்கேயே எறிகிறார்கள். போன மாதம் ரோட்டோரம் கிடந்த யானைச் சாணத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். மூங்கில் நாருக்கு நடுவே பால் பாக்கெட்டின் நீல ஓரம் தெரிந்தது.

சாலையை மூடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வருகிறவர்களுக்கு எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது என்று சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை. அதுதான் குறை.

என் மகள் அமெரிக்காவில் அரிசோனாவில் இருக்கிறாள். போன பிப்ரவரியில் அங்கே போயிருந்தபோது, மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஆர்கன் பைப் கேக்டஸ் என்ற பாலைவனப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். 1937 முதல் அது பாதுகாக்கப்பட்ட இடம். உள்ளே ஆஹோ மலையைச் சுற்றி 34 கிலோமீட்டர் மண் சாலை, பெரும்பகுதி ஒருவழி. பெரிய வண்டிகளுக்கு அனுமதி இல்லை. சாலையோரம் எண் போட்ட சிறு கம்பங்கள். கையில் இருக்கும் புத்தகத்தில் அந்த எண்ணைப் பார்த்தால் எதிரே இருக்கும் செடி, பாறை பற்றி எழுதியிருக்கிறது. பூங்காவுக்குப் பெயர் தந்த, அடியிலிருந்தே கொத்தாகக் கிளம்பும் ஆர்கன் பைப் கள்ளி இரவில்தான் பூக்குமாம், மகரந்தம் சேர்ப்பது வௌவாலாம். நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வழியில் வேறொரு கள்ளியின் முள்ளுருண்டை என் செருப்பில் ஒட்டிக்கொண்டது. கையால் தொடாதீங்கப்பா என்று மகள் சீப்பை விட்டு நெம்பி எடுத்தாள்.

அந்த இடமும் பயம் தெரியாத இடம் அல்ல. 2002-இல் அங்கே வனக்காவலர் ஒருவர் எல்லை தாண்டி வந்த கடத்தல்காரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். பூங்காவின் பெரும்பகுதியை மூடிவிட்டு, 2014-இல்தான் முழுவதும் திறந்தார்கள். இன்றும் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, எல்லைக் காவலர் சோதனையும் இருக்கிறது. அப்படியும் மக்களைக் காட்டைவிட்டு விலக்கி வைக்கவில்லை.

நம்மிடம் இல்லாததா? 2014-இல் காவேரி வடக்கு, 2022-இல் சுமார் 686 சதுர கிலோமீட்டரில் காவேரி தெற்கு என்று அரசே இரண்டு வனவிலங்கு சரணாலயங்களை அறிவித்திருக்கிறது. யானை, சாம்பல் நிற மலை அணில், நாற்கொம்பு மான், ஆற்றில் நீர்நாய், கரையில் நீர்மருது. அக்கரை கர்நாடகம். இந்த வழியே வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு உசிலை மரம் எது என்று காட்ட ஆள் இல்லை. அதன் இலையை அரைத்த அரப்புத் தூள் மட்டும் பாக்கெட்டில் தெரியும்.

ஆகவே வனத்துறையுடன் பேசி, பின்னால் வரும் வண்டிக்குத் தெரிகிற மாதிரி ஏழெட்டு இடங்களில் மட்டும் வண்டி நிறுத்த அனுமதித்து எண் கல் நட வேண்டும். யானை தாண்டும் இடங்களில் நிறுத்தம் கூடவே கூடாது. தமிழில் ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு, இரு முனையிலும் விற்கலாம். விற்கும் வேலையைக் காட்டோர ஊர்ப் பிள்ளைகளுக்குத் தரலாம். சாலையை அகலப்படுத்த வேண்டாம், இரவுப் போக்குவரத்தைக் கூட்டவும் வேண்டாம். அப்புறம், ஒகேனக்கல் தருமபுரி மாவட்டத்தில் இருப்பதால் அந்த மாவட்ட ஆட்சியரையும் கலந்து செய்தால்தான் பலகையும் விதியும் இரு பக்கமும் ஒன்றாக இருக்கும்.

எந்த வளைவில் நிற்கலாம், எங்கே மழைக்காலத்தில் மண் சரியும் என்பது எனக்கு மனப்பாடம். வனப் பணியாளர்களுடன் ஒரு நாள் முழுக்க வந்து இடங்களைக் காட்டத் தயாராக இருக்கிறேன். நேரில் ஆய்வு செய்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மனுதாரர்)