வகுப்பறையில் அனைவர் முன்னிலையிலும் மாணவர்களின் சாதி, பெற்றோர் தொழில் விவரங்களைக் கேட்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்
அரசுப் பள்ளி மாணவ, மாணவியரின் பெற்றோர்கள்,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: கல்வி உதவித்தொகைக்கான விவரங்களைத் திரட்டும் முறையையும் பள்ளி வேலைகளைப் பிள்ளைகளுக்குப் பகிரும் முறையையும் மாற்றி அமைக்க உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாங்கள் இம்மாவட்டத்தின் கிராமப்புற அரசு நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கும் பெற்றோர்கள். எங்களில் வயல் கூலிகள், பீடி சுற்றுவோர், பேரூராட்சித் தூய்மைப் பணியாளர்கள், சிறு விவசாயிகள் எனப் பலரும் இருக்கிறோம். எல்லோரும் ஒரே சாதியைச் சேர்ந்தவர்களும் அல்ல. எந்த ஆசிரியர் மீதும் நடவடிக்கை எடுக்கக் கோரி இம்மனுவை நாங்கள் எழுதவில்லை. ஆகவே பள்ளிகளின் பெயரையோ ஆசிரியர்களின் பெயரையோ இதில் குறிப்பிடவில்லை. பள்ளிக்கூடத்தின் அன்றாட நடைமுறையாகவே ஆகிவிட்ட, அதனால் தவறு என்று யார் கண்ணுக்கும் படாத ஒரு வழக்கத்தைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவதே எங்கள் நோக்கம்.

கல்வியாண்டு தொடங்கிய சில வாரங்களில், உதவித்தொகைக்குத் தகுதியானவர்களின் விவரங்களைச் சேகரிக்கும் வேலை பள்ளிகளில் தொடங்குகிறது. வகுப்பாசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு, "எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எந்திரிங்க" என்கிறார். எழுந்து நின்றவர்களை எண்ணிக்கொள்கிறார். யாரிடம் சாதிச் சான்றிதழ் இருக்கிறது, யாருக்கு வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கப்படவில்லை, யார் இன்னும் வருமானச் சான்று தரவில்லை என்று ஒவ்வொருவராக, மற்றவர்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, கேட்டு எழுதிக்கொள்கிறார். சில நாள் கழித்து அதே பட்டியல், தலைப்பில் சாதிப் பிரிவின் பெயரோடு, அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. இடைவேளையில் அதைப் படிக்க வருவோரில் உதவித்தொகைக்குச் சம்பந்தமில்லாதவர்களே அதிகம்.

இதைவிடவும் எங்களைப் புண்படுத்துவது, தூய்மைப் பணி, தோல் பதனிடுதல், குப்பை சேகரித்தல் போன்ற தொழில் செய்வோரின் பிள்ளைகளுக்கு அரசு வழங்கும் கல்வி உதவித்தொகைக்காக விவரம் கேட்கப்படும் முறை. சாதி, சமயம், வருமான வரம்பு எதையும் பாராமல் தரப்படும் நல்ல திட்டம் அது. எங்களில் ஒருவருடைய மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். "யாரு வீட்டுல குப்பை அள்ளுற வேலை பாக்காங்க?" என்று வகுப்பில் கேட்கப்பட்டபோது அவள் எழுந்திருக்கவில்லை. ஆசிரியை, பிள்ளைக்கு வரவேண்டிய பணம் விட்டுப்போய்விடக் கூடாதே என்ற அக்கறையில்தான், அவள் பெயரைச் சொல்லி, "உங்க அப்பாதானே, எந்திரி" என்றிருக்கிறார். அன்று மாலையே அப்பாவின் வேலை அந்தப் பிள்ளைக்குப் பட்டப்பெயராகிவிட்டது. பேரூராட்சியில் வாங்க வேண்டிய தொழில் சான்றுக்கான படிவத்தை அவள் வீட்டில் காட்டவே இல்லை. காரணம் கேட்ட தாயிடம், "எனக்கு அந்தத் துட்டு வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள். அரசு ஒதுக்கிய பணம், அதைக் கேட்ட விதத்தாலேயே, போய்ச் சேர வேண்டிய பிள்ளைக்குப் போய்ச் சேரவில்லை.

ஆசிரியர்கள் இதைக் கெட்ட எண்ணத்தோடு செய்கிறார்கள் என்று நாங்கள் கருதவில்லை. விவரங்களை இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும் என்று காலையில் அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை வைத்துக்கொண்டு, பாடமும் நடத்தி, பள்ளிக்கல்வித் துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் இணையதளத்தில் பதிவும் செய்ய வேண்டிய ஒருவருக்கு, எழுந்து நிற்கச் சொல்லி எண்ணிக்கொள்வதே எளிய வழியாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த எளிய வழிக்கான விலையைக் கொடுப்பது அவரல்ல, நின்றுகொண்டிருக்கும் பிள்ளை. இத்தனைக்கும் அப்பிள்ளையின் சாதி விவரம் சேர்க்கையின்போதே பெறப்பட்டு எமிஸில் பதிவாகியுள்ளது. தலைமையாசிரியர் அறையில் இருக்கும் கணினியில் உள்ள ஒன்றை வகுப்பறையில் ஏன் கேட்க வேண்டும் என்பது எங்களுக்குப் புரியவில்லை.

உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் இதனால் தீங்கு நேர்கிறது. "அவங்களுக்கு மட்டும் கவர்ன்மென்ட் துட்டு கொடுக்கு" என்ற பேச்சு ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவியருக்கும் ஊக்கத்தொகைத் திட்டம் இருப்பது அப்படிப் பேசும் பிள்ளைக்குத் தெரியாது; தன் அக்காளே அதைப் பெற்றிருந்தாலும் தெரியாது; ஏனென்றால் அதற்காக யாரும் வகுப்பில் எழுந்து நிற்க வைக்கப்பட்ட நினைவு அப்பிள்ளைக்கு இல்லை. விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கென்று தொடங்கப்பட்டு, பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவர் எல்லோருக்கும் விரிவாக்கப்பட்டது. இன்று மிதிவண்டி வழங்கும் நாளில் யாரும் யாரையும் பார்த்து முணுமுணுப்பதில்லை. எல்லாத் திட்டங்களையும் எல்லோருக்கும் ஆக்க முடியாது என்பதை அறிவோம்; ஆனால் விவரம் கேட்கும் முறையை எல்லோருக்கும் ஒன்றாக ஆக்க முடியும்.

சாதி விவரத்தைப் பதிவேட்டிலிருந்தே நீக்கிவிடும்படி நாங்கள் கோரவில்லை. இடஒதுக்கீடும் உதவித்தொகையும் அந்தப் பதிவின் மேல்தான் நிற்கின்றன. விரும்பாத பெற்றோர் சாதி, சமயக் குறிப்பை நிரப்பாமல் விடுவதற்கும் 1973-ஆம் ஆண்டு அரசாணை வழி செய்திருக்கிறது. பதிவு செய்வது அரசின் கடமை. அதை நாற்பது பிள்ளைகள் முன் அறிவிக்க வேண்டிய தேவை மட்டும் எந்தத் திட்டத்திலும் இல்லை.

இதோடு சேர்ந்தே நடக்கும் வேறு சிலவற்றையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கு அதிகாரிகள் ஆய்வுக்கு வரும் நாளில் பூங்கொத்து கொடுக்க நிறுத்தப்படும் பிள்ளை யார், தேநீர்க் குவளைகளைக் கழுவ அனுப்பப்படும் பிள்ளை யார் என்று தாங்கள் ஒருமுறை கவனித்துப் பார்க்க வேண்டுகிறோம். "ஏலே" என்று கூப்பிடுவதில் எங்களுக்கு வருத்தமில்லை. அது நம் ஊர்ப் பேச்சு. ஆனால் சிலரைப் பெயர் சொல்லியும் சிலரைத் தெருவைச் சொல்லியும் கூப்பிடுவது, "காலனிப் பசங்க" என்று கூட்டமாகச் சேர்த்துச் சொல்வது, அதிலும் அந்தச் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்திலேயே முதலமைச்சர் அறிவித்த பிறகும் சொல்வது, வேறு வகையைச் சேர்ந்தது. துடைப்பமும் அப்படித்தான். ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரையில் ஆதிதிராவிட மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்த விவகாரம் 2022 இறுதியில் வெளிவந்து, தலைமையாசிரியை கைது செய்யப்படும் அளவுக்குப் போனது. அந்த அளவுக்குப் போகாமல், வகுப்பறை பெருக்குவது, தொட்டியில் தண்ணீர் நிரப்புவது என்ற அளவிலேயே பல இடங்களில் இது நடந்துகொண்டிருக்கிறது. பள்ளித் தூய்மைப் பணியாளருக்கு ஊதியம் காலத்தோடு வராமல் அவர் வேலைக்கு வராத மாதங்களில்தான் துடைப்பம் பிள்ளைகள் கைக்கு வருகிறது என்பதையும், அது எல்லாப் பிள்ளைகள் கைக்கும் வருவதில்லை என்பதையும் எங்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

இவற்றை ஏன் பள்ளியிலேயே சொல்லித் தீர்த்துக்கொள்ளவில்லை என்று தாங்கள் கேட்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பதும், நலிவுற்ற பிரிவினருக்கு உரிய இடம் தரப்பட வேண்டும் என்பதும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கின்றன. ஆனால் குழுக் கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருப்பவர், நாளைக் காலையில் எங்களுக்குக் கூலி வேலை தர வேண்டியவர். மாற்றுச் சான்றிதழிலும் நன்னடத்தைச் சான்றிலும் கையெழுத்திட வேண்டியவர் எதிரில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர். இந்த இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரு தாய் வாய் திறப்பதில்லை என்றால், அவருக்குக் குறை இல்லை என்று பொருளாகாது. வருகைக் கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தேநீர் வருவதற்கு முன்பே எழுந்து போய்விடுகிறவர்களும் எங்களில் உண்டு.

புகார் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு, இம்மாவட்டத்தில் வாழும் எங்களுக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. 2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனும் அவனுடைய தங்கையும் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். தொடர்ந்து நடந்த சாதியத் துன்புறுத்தலைப் பற்றி அந்த மாணவன் பள்ளியில் வாய் திறந்ததற்குப் பிறகுதான் அது நடந்தது. அந்த இரவைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் ஒரு வகுப்பறைக்குள் யார் யாரை ஏவினார்கள், யார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. சாதியைக் காட்ட மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பற்றிப் பள்ளிக்கல்வித் துறை 2019-லேயே சுற்றறிக்கை அனுப்பி, அது சர்ச்சையில் சிக்கியது. கயிறு கண்ணுக்குத் தெரிகிற பொருள்; அறுத்துவிடலாம். யார் எழுந்து நிற்க வேண்டியவர், யார் உட்கார்ந்திருக்கலாம் என்பதைப் பிள்ளைகள் கயிறு கட்டும் வயதுக்கு முன்பே பள்ளியிடமிருந்தே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள் என்பதுதான் எங்கள் கவலை.

நாங்குநேரி நிகழ்வுக்குப் பின் அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு, 2024 ஜூன் 18 அன்று அரசிடம் அளித்த அறிக்கையில், நாங்கள் இங்கே முறையிடுபவற்றையே பரிந்துரைகளாகச் சொல்லியிருக்கிறது: வருகைப் பதிவேட்டில் சாதி குறித்த விவரம் இருக்கக் கூடாது; நேரடியாகவோ மறைமுகமாகவோ சாதியைக் குறிப்பிட்டு மாணவர்களை அழைக்கக் கூடாது; உதவித்தொகை தொடர்பான செய்தியைத் தலைமையாசிரியர் அறைக்குத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும்; இருக்கைகளை அகர வரிசையில் ஒதுக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 8, 9-ஆம் பிரிவுகள், நலிவுற்ற பிரிவுக் குழந்தைகள் பள்ளியில் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அரசிடமும் உள்ளாட்சி அமைப்பிடமும் ஒப்படைக்கின்றன; 17-ஆம் பிரிவு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆகவே புதிய சட்டம் எதையும் நாங்கள் கேட்கவில்லை.

எங்கள் முதன்மையான கோரிக்கை இதுதான். உதவித்தொகை விவரங்களைத் திரட்டும்போது எந்த மாணவரையும் வகுப்பறையில் எழுந்து நிற்கச் சொல்லவோ, சாதியையோ பெற்றோரின் தொழிலையோ பிறர் காதில் விழும்படி கேட்கவோ கூடாது என்று முதன்மைக் கல்வி அலுவலர் வழியாக எல்லாப் பள்ளிகளுக்கும் எழுத்துப்பூர்வமாக உத்தரவிட வேண்டும். அதற்கு மாற்றாக, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், தூய்மைப் பணியாளரின் பிள்ளைகள் என அனைவருக்குமான திட்டங்களையும் ஒரே தாளில் அச்சிட்டு, எல்லா மாணவர்களுக்கும் ஒரே நாளில் கொடுத்து, பெற்றோர் நிரப்பியதை மூடிய உறையில் திரும்பப் பெறலாம். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்குத் தலைமையாசிரியர் அறையில் நேரம் ஒதுக்கி உதவலாம். ஒரு தாள் அச்சிடும் செலவும், "இன்று மாலைக்குள்" என்பதற்குப் பதிலாக ஒரு வார அவகாசமும் இதற்குப் போதும். அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டியே தீர வேண்டுமென்றால் எமிஸ் எண் மட்டும் இருக்கட்டும். பெயரும் சாதிப் பிரிவுத் தலைப்பும் வேண்டாம்.

வகுப்பறை வேலைகள் எவையானாலும் பெயர் வரிசைப்படி எல்லா மாணவ, மாணவியருக்கும் சுழற்சியில் வரவேண்டும் என்றும், அந்த வரிசை சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றும், கழிப்பறை தொடர்பான எந்த வேலையும் எந்தப் பிள்ளைக்கும் தரப்படக் கூடாது என்றும் அதே உத்தரவில் சேர்க்க வேண்டுகிறோம். பள்ளித் தூய்மைப் பணியாளர்களுக்கு நிலுவையில் உள்ள ஊதியத்தை வழங்க ஊரக வளர்ச்சித் துறைக்கும் பேரூராட்சிகளுக்கும் தாங்கள் அறிவுறுத்தினால் இச்சிக்கலில் பாதி தானே குறையும்.

பிள்ளைகளின் புகார் பள்ளிக்கு வெளியே போகும் வழி ஒன்றும் வேண்டும். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவை பள்ளிச் சுவர்களில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும் பிள்ளைக்கு அந்த எண்கள் எட்டாதவை. பள்ளிதோறும் புகார்ப் பெட்டி வைத்து, அதன் சாவியைப் பள்ளியில் எவரிடமும் கொடுக்காமல், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தினர் மாதம் ஒருமுறை வந்து திறக்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். புகார் எழுதிய பிள்ளையின் பெயர் யாருக்கும், குறிப்பாக எதிர்த்தரப்புப் பிள்ளையின் பெற்றோருக்கு, தெரியாமல் காக்கப்பட வேண்டும்.

உத்தரவு பிறப்பிக்கப்பட்டால், அடுத்து விவரம் திரட்டப்படும் வாரத்தில் தாங்களோ தங்கள் அலுவலர்களோ முன்னறிவிப்பின்றிச் சில பள்ளிகளுக்குச் சென்று பார்க்கவும் வேண்டுகிறோம். மனு பெற்ற 3 நாள்களுக்குள் ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் பதிலும் தரப்பட வேண்டும் என்ற அரசாணைப்படி, எடுக்கப்பட்ட நடவடிக்கையை எங்களுக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இணைப்புத் தாளில் கையொப்பமும் கைநாட்டும் இட்டுள்ள பெற்றோர்கள்.

நகல்: முதன்மைக் கல்வி அலுவலர், திருநெல்வேலி; மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலர், திருநெல்வேலி.