மும்பையில் இரவில் தெருவில் நின்றால் குற்றமா?

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லாரும் சுகம். நீ மும்பைக்கு வேலைக்கு வரப்போறாய் என்றதும், இரவில் தெருவில் நின்றால் பொலிஸ் பிடிக்குமோ என்று அம்மா பயந்து கேட்டிருந்தா. மாதுங்காவிலும் தாராவியிலும் எங்கட சனம் வேலை முடிஞ்சு வந்து, இரவு பத்துப் பதினொரு மணிக்குத்தான் கடை வாசலில் நின்று கதைக்குங்கள். அது குற்றமே இல்லை.

மகாராஷ்டிரா பொலிஸ் சட்டம் 122ஆம் பிரிவை ஊன்றிப் படி. 1951இல் வந்த பம்பாய் பொலிஸ் சட்டத்துக்குத்தான் இப்ப இந்தப் பெயர். இருட்டினதில் இருந்து விடியுமட்டும் தெருவில் சுற்றித் திரிகிற ஆள், திருடன் என்று பெயரெடுத்தவனாக இருக்க வேணும். ஏன் நிற்கிறான் என்றதுக்கு ஒழுங்கான பதில் சொல்ல ஏலாதவனாகவும் இருக்க வேணும். ரெண்டும் சேர்ந்தால்தான் குற்றம். முகத்தை மூடியிருந்தாலும் அப்படித்தான், குற்றம் செய்யும் நோக்கம் இருக்க வேணும். 2022இல் தென் மும்பையில் இரவு 1.30 மணிக்குக் கைக்குட்டையால் முகத்தை மூடி ரோட்டில் இருந்த இளைஞர் ஒருவரை இந்தப் பிரிவில் பிடிச்சினம். மும்பைக்கு அது பிந்தின நேரமில்லை, ரோட்டோரம் யாரும் நிற்கலாம், கொரோனாக் காலத்தில் மாஸ்க் இல்லாதவர் கைக்குட்டை கட்டுறது வழமை என்று சொல்லி மாஜிஸ்திரேட் விடுதலை செய்தார்.

எனக்கு மனம் பொறுக்காதது 1959ஆம் ஆண்டுப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம். பிழைக்க வழி தெரியாமல் பொது இடத்தில் அலைகிற ஏழை, கை நீட்டாவிட்டாலும் அதில் மாட்டலாம். 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகளை ரத்துச் செய்தது, ஆனால் டெல்லிக்கு மட்டுந்தான்.

பொலிஸ் மறிச்சால் ஓடாதே, வாய் காட்டாதே. பெயர், தங்கிற இடம், எங்கேயிருந்து வாறாய் என்று நேராகச் சொல். ஐந்து பேரோ அதுக்கு மேலோ கூடக்கூடாது என்ற தடையுத்தரவு இருந்தால் (இப்ப அது புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 163ஆம் பிரிவு, முந்தின சட்டத்தில் 144) உடனே கலைஞ்சு போ. கைது செய்தால் காரணம் கேள், உறவினருக்கு அறிவிக்கச் சொல். 24 மணித்தியாலத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேணும். இலவசச் சட்ட உதவிக்கு 15100.

ரயில் பிளாட்பாரம் வேற கதை. டிக்கெட் இல்லாமல் அங்கே நிற்காதே. பத்து ரூபாப் பிளாட்பார டிக்கெட் ரெண்டு மணித்தியாலத்துக்குத்தான்.

வெளிக்கிட முதல் பாஸ்போர்ட், விசா ரெண்டையும் போட்டோகொப்பி எடுத்து வை. அந்தக் கொப்பி எப்பவும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணா