கையெழுத்தான அன்றே கடை திறந்துவிடாது

நம் நிறுவனர்களுக்கும் விற்பனைக் குழுவினருக்கும், வாடிக்கையாளர் உதவிக் குழுவிலிருந்து ஒரு திறந்த மடல்.

வணக்கம். போன காலாண்டு விற்பனைக் கணக்கைத் திரையில் காட்டியபோது எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இவ்வளவு சின்னக் குழு எழுதிய இணையக்கடை மென்பொருளை வேறு வேறு நாட்டு வியாபாரிகள் பணம் கொடுத்து வாங்குவது லேசான காரியமா? அதற்காக அலைந்தவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தத் திரையில் இருந்தது கையெழுத்தான ஒப்பந்தங்களின் எண்ணிக்கை. அவற்றில் எத்தனை கடைகளில் ஒரு ஆர்டராவது ஒழுங்காக முடிந்தது என்ற கணக்கு அதில் இல்லை. இதைத் தனியாக மூன்று முறை எழுதி அனுப்பினேன். 'பார்க்கலாம்' என்று பதில் வந்தது. அதனால்தான் இப்போது எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன்.

முதல் ஜப்பான் கடை திறந்த இரவு நான்தான் பணியில் இருந்தேன். நோட்டுப் புத்தகம் விற்கிற கடை. ஒரு புத்தகம் 1,800 யென். வாங்க வந்தவர்களின் கார்டு வரிசையாக நிராகரிக்கப்பட்டது. பேமென்ட் கேட்வே, அதாவது கடைக்கும் வங்கிக்கும் நடுவில் பணம் வாங்கித் தரும் சேவை, அதன் பதிவைத் திறந்து பார்த்தால், நாம் கேட்டிருந்த தொகை 1,80,000 யென். தொகையைச் சில்லறைக் கணக்கில் (ரூபாய் என்றால் பைசாவில்) அனுப்ப வேண்டும் என்பதால், நம் நிரல் எந்த நாணயமாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நூறால் பெருக்கிவிடுகிறது. யென்னுக்குச் சில்லறையே கிடையாது. வங்கிகள் மறுத்தது நம் அதிர்ஷ்டம். ஒரே ஒருவருக்கு மட்டும் முழுத் தொகையும் போய்விட்டது. அவருக்குத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்பதற்குள் விடிந்துவிட்டது.

குவைத்தில் இதே தவறு தலைகீழாக நடந்தது. ஒரு தினார் என்பது ஆயிரம் ஃபில்ஸ். நாம் நூறால் பெருக்கியதால் பத்தில் ஒரு பங்கு பணம்தான் வந்தது. வாங்கியவர்கள் யாரும் புகார் சொல்லவில்லை, ஏன் சொல்லப் போகிறார்கள்? மாதக் கடைசியில் கணக்குப் பார்த்த கடைக்காரர்தான் கூப்பிட்டார். எந்த நாணயத்துக்கு எத்தனை தசம இடம் என்று ஐஎஸ்ஓ 4217 என்ற சர்வதேச நாணயப் பட்டியலிலேயே இருக்கிறது. ஒரு மணி நேர வேலை. யாரும் கேட்கவில்லை, யாரும் செய்யவில்லை.

எல்லாம் நிரல் பிழையும் இல்லை. ஹாங்காங் முகவரிக்கு அஞ்சல் குறியீடு கிடையாது. நம் படிவமோ அது இல்லாமல் நகரவிடாது. மக்கள் ஆறு சுழியத்தைத் தட்டிவிட்டுப் போகிறார்கள், நாமும் அதை அப்படியே கூரியர் சீட்டில் அச்சடிக்கிறோம். நெதர்லாந்தில் இணையத்தில் வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஐடியல் வழியாக, நேராகத் தங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணம் கட்டிப் பழகியவர்கள். அவர்கள் முன்னால் கார்டு எண் கேட்கும் கட்டத்தை மட்டும் நீட்டினோம். கூடையை நிரப்பிவிட்டு அப்படியே போனார்கள். கடைக்காரர் மூன்றாம் மாதம் நம்மை விட்டுப் போனார். அந்த ஒப்பந்தம் வந்ததற்குக் கை தட்டியது நினைவிருக்கிறது. போனது எந்தத் திரையிலும் வரவில்லை.

ஜெர்மனி விஷயம் இன்னும் மோசம். கடைசிப் பொத்தானை அழுத்தினால் பணம் கட்ட வேண்டிவரும் என்பது அந்தப் பொத்தானிலேயே தெளிவாக எழுதியிருக்க வேண்டும் என்பது அங்கே 2012 முதல் சட்டம். இல்லாவிட்டால் வாங்கியவரை அந்த ஆர்டர் கட்டுப்படுத்தாது. நம் பொத்தானில் 'தொடரவும்' என்பதன் மொழிபெயர்ப்பு இருந்தது. அழகான மொழிபெயர்ப்புதான், செல்லாத ஆர்டர்.

வரியைப் பற்றி நீட்டப் போவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலையிலிருந்து, எல்லை தாண்டிய விற்பனை ஆண்டுக்கு 10,000 யூரோவைக் கடந்தால் வாங்குபவரின் நாட்டு வரி விகிதம் போட வேண்டும். அமெரிக்காவில், வேஃபேர் என்ற இணையக்கடை வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ இல்லாவிட்டாலும் அந்த மாநிலம் விற்பனை வரி கேட்கலாம். நம் மென்பொருளில் வரிக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது, ஆனால் விற்பனைக் குழு வியாபாரிகளுக்குக் காட்டும் விளக்கப் படத்தில் 'எல்லா நாட்டு வரியும் தானாகவே' என்று இருக்கிறது. அந்த வாசகத்தை யார் எழுதியது என்று கேட்கவில்லை, எடுத்துவிடுங்கள், போதும்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்பீர்கள். ஒரு நாட்டைத் 'திறந்துவிட்டோம்' என்று அறிவிப்பதற்கு முன்னால், அந்த நாட்டு முகவரியில், அந்த நாட்டு மக்கள் பணம் கட்டும் முறையில், நாமே ஒரு பொருள் வாங்குவோம். வந்ததும் திருப்பி அனுப்புவோம். பணம் சரியான தொகையாக, வரியோடு திரும்ப வருகிறதா என்று பார்ப்போம். வாங்கும்போது ஒளிந்திருக்கிற பிழை பெரும்பாலும் திருப்பும்போது வெளியே வந்துவிடும், இது என் அனுபவம். அப்புறம், விற்பனைக் குழுவின் கமிஷனில் ஒரு பகுதியைக் கையெழுத்தன்று கொடுக்காமல், அந்தக் கடைக்கு முதல் மாத வசூல் வங்கிக்குப் போய்ச் சேர்ந்தபின் கொடுங்கள். இதைச் சொன்னதற்கு என்மேல் கோபம் வரும், தெரியும். ஆனால் இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியை எடுப்பது விற்பனைக் குழு இல்லையே.

அடுத்தது போலந்து என்று காதில் விழுந்தது. அங்கே ப்ளிக் என்ற முறை வெகு பிரபலம்: வங்கிச் செயலி ஒரு ஆறு இலக்க எண் தரும், வாங்குபவர் அதைக் கடையின் பக்கத்தில் போடுவார், செயலியில் ஒப்புக்கொள்வார், முடிந்தது. நம் பணம் செலுத்தும் பக்கத்தில் அந்த எண்ணைப் போட இன்னும் இடமே இல்லை. தேதி குறிப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிடுங்கள். எந்த நாள் என்றாலும் வருகிறேன், பகலாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
உதவிக் குழுவில் இரவுப் பணி பார்ப்பவர்