லொக் புக்கை நனையவிடாதே

கோண்டாவில்,
புரட்டாதிச் சனி.

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் சுகம், உன் சுகம் அறிய ஆவல். போனில் எதைச் சொன்னாலும் "ஓம் அப்பா, ஓம்" என்று வைத்துவிடுகிறாய். எழுத்தில் இருந்தால் ஸ்பானர் பிடிக்கிற நேரம் எடுத்துப் பார்க்கலாம் என்றுதான் இந்தக் கடிதம். பஸ்ஸில் ஒரு பார்சல் வரும். அம்மா தந்த பருத்தித்துறை வடையும் ஒடியல் மாவும் அதில் இருக்கின்றன. அடியில் சீலைத்துண்டில் சுற்றி என் பீலர் கேஜை, அந்த இடைவெளி அளக்கிற தகடுகளை, வைத்திருக்கிறேன். பத்திரம், அதை ஒருவருக்கும் இரவல் கொடுக்காதே.

நல்லூர்த் தேருக்கு வருவாய் என்று அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தா. வேலை இருந்திருக்கும். சரி, அதை விடு.

உன் ஹொண்டா சி 90 மோட்டார் சைக்கிள் ஒயில் குடிக்கிறது. நீ கடைசியாக வந்து அலுமாரியைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்த நேரம் நான் முற்றத்தில் ஒயில் அளக்கிற ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தேன். நுனியில்கூட ஒயில் படவில்லை. ஒரு லீற்றரும் பிடிக்காத இஞ்சின் அது. அந்தக் கொஞ்ச ஒயில்தான் கிராங்கையும் காமையும் கிளச்சையும் கியரையும் காப்பாற்ற வேண்டும். அது அரைவாசியானால் எதைக் கொண்டு சூடு ஆறும்? கிழமைக்கு ஒருமுறை பார்க்க ஒரு நிமிஷம் போதாதா? இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட்டு நிறுத்து, நடு ஸ்ராண்டில் நிமிர்த்தி வை, கொஞ்சம் பொறுத்துப் பார். ஸ்ரிக்கைத் துடைத்து உள்ளே விடும்போது திருகாதே, சும்மா வைத்து எடு. திருகிப் பார்த்தால் ஒயில் இருக்கிறதைவிடக் கூடக் காட்டும். இதை உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லித்தந்தேன். மறந்திருக்க மாட்டாய், ஆனால் பார்ப்பதில்லை.

கிலோமீற்றரை நம்பாதே. மீற்றர் கேபிள் அறுந்து எவ்வளவு காலம். அறுந்திராவிட்டாலும் இந்த இஞ்சினை மணித்தியாலத்தில்தான் கணக்குப் பார்க்க வேண்டும். விசுவமடுவில் தோட்டம் தோட்டமாக, வரம்பு வழியாக, முதலாம் இரண்டாம் கியரில் ஊர்ந்து போகிறாய். தூரம் ஏறாது, ஆனால் பிஸ்டனுக்கு ஓய்வு இல்லை. நிமிஷத்துக்கு 4000 சுற்று என்று வைத்தால் ஒரு மணித்தியாலத்தில் அது 240000 தரம் ஏறி இறங்கும். ஏற 45.6 மில்லிமீற்றர், இறங்க அதே அளவு. கூட்டிப்பார், மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட 22 கிலோமீற்றர் அந்த ரிங் சிலிண்டரை உரசிக்கொண்டு போகிறது. பிறகு சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்று ஆனையிறவு வெளியைத் தாண்டினால் அங்கே வேறு காற்று. சோளகம், அந்தத் தென்மேற்குக் காற்று, முகத்தில் அடிக்கிற மாதங்களில் திரும்பிப் போகும்போது அக்சிலேற்றரை முழுக்க முறுக்கிக்கொண்டு போகாதே. முறுக்கினாலும் வேகம் கூடாது, சூடுதான் கூடும். இந்த வயது இஞ்சினுக்கு முக்கால் முறுக்கு போதும். பிந்தி வந்தால் நாங்கள் ஒன்றும் சொல்லமாட்டோம். எத்தனை மணிக்கு வந்தாலும் சாப்பாடு இருக்கும்.

புகையைப் பற்றி. அன்றைக்கு நீ தேத்தண்ணியும் குடிக்காமல் வெளிக்கிட்டபோது ஒழுங்கை முடக்கில் முறுக்கினாய், நீலப் புகை வந்தது. நான் படலையில் நின்று பார்த்தேன். காலையில் ஸ்ராட் பண்ணும்போது மட்டும் கொஞ்சம் புகைந்து நின்றுவிட்டால் வால்வு கைட்டால் ஒயில் இறங்குகிறது, அதோடு இன்னும் கொஞ்சக் காலம் ஓடலாம். முறுக்கும்போது புகைந்தால் ரிங். நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் பிளக்கைக் கழற்றி, அக்சிலேற்றரை முழுக்கத் திறந்தபடி கொம்பிரஷன் கேஜை வைத்துக் கிக் அடித்துப் பார். பிறகு பிளக் துளைக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடியும் பார். இரண்டாம் தரம் நன்றாக ஏறினால் ரிங்கும் சிலிண்டரும். ஏறாவிட்டால் வால்வு. கேஜ் இல்லாத கராச்சில் "முழு வேலையும் செய்ய வேணும்" என்று சொல்வார்கள், கேட்டுக்கொண்டு வந்துவிடு, கழற்ற விடாதே.

ரிங்தான் என்று எனக்குத் தெரியும். இப்போது கிடக்கிறது 0.75 மில்லிமீற்றர் பெருத்த பிஸ்டன். ஸ்ராண்டட் 50 மில்லிமீற்றரில் தொடங்கி 0.25, 0.50, 0.75 என்று நான் ஒவ்வொன்றாக ஏற்றினேன். மிச்சம் 1.00 ஒன்றுதான். அதற்குப் பிறகு சிலிண்டருக்குள் புதுக் குழாய், சிலீவ், அடிக்க வேண்டும். அதனால்தான் இந்தச் சிலிண்டர் போரை வீணாக்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வெறும் ரிங் மாற்றினால் போதுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பழைய ரிங்கைத் தனியே சிலிண்டருக்குள் வைத்து பிஸ்டன் தலையால் நேராகக் கீழே தள்ளி, வாய் இடைவெளியைப் பீலர் கேஜால் அள. அடியில் ஓர் இடம், ரிங் உச்சியில் நின்று திரும்புகிற இடத்தில் ஓர் இடம். இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருந்தால் சிலிண்டர் மேலே அகன்றுவிட்டது, புது ரிங் போட்டும் பலன் இல்லை. இதை நீ தனியே செய்யாதே. நான் இருக்கிறேன்.

ரப்பெற்றை, அதுதான் வால்வு இடைவெளியை, மட்டும் நீயே பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும். இஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு, விடியற்காலையில். இடதுபக்கக் கவரைக் கழற்றி பிளைவீலை இடஞ்சுழியாகத் திருப்பி 'ரி' குறியை நேராக்கு. இரண்டு ரப்பெற்றும் விரலுக்கு ஆடவேண்டும். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. இன்லெற்றுக்கும் எக்சோஸ்ற்றுக்கும் 0.05 மில்லிமீற்றர், அந்த மெல்லிய தகடு. இழுக்கும்போது லேசாகப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். ரப்பெற் டிக் டிக் என்று கேட்டால் சனம் பயந்து இறுக்கிவிடுகிறது. சத்தம் கேட்கிற ரப்பெற் எனக்குப் பயமில்லை, தம்பி. சத்தமில்லாமல் போவதுதான் பயம். எக்சோஸ்ற் வால்வு தன் இருக்கையில் அடிபட்டு அடிபட்டு உள்ளே போய்க்கொண்டிருக்கும், இடைவெளி தானாகக் குறையும், வால்வு முழுக்க மூடாது, அந்தச் சந்தால் நெருப்பு போய் ஓரம் எரிந்துவிடும். வெளியே நின்று கேட்கிறவனுக்கு இஞ்சின் முன்னைவிட அமைதியாக நல்லாக ஓடுகிற மாதிரித்தான் இருக்கும்.

மற்றவை உனக்குத் தெரியும். பொயின்ற் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர், பிளக் 0.6 முதல் 0.7. பொயின்ற் 'எஃப்' குறியில் திறக்கவேண்டும். வேகம் வரும் என்று யாரும் பொறி விழும் நேரத்தை முன்னே தள்ளிவிடச் சொன்னால் கேட்காதே, கிழட்டு பெயாரிங் அந்த அடியைத் தாங்காது. பெற்றோல் மிச்சம் பிடிக்கலாம் என்று காபரேற்றரைச் சுருக்கவும் வேண்டாம். சிலைட் தேய்ந்து எப்படியும் காற்று களவாகப் போகிறது, இன்னும் சுருக்கினால் பிளக் வெள்ளையாகும், பிஸ்டன் சூடாகும். பிளக் மண் நிறத்தில் இருக்கட்டும். ஒயிலை 1500 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்று. மீற்றர் இல்லை என்பதால் மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொள். ஜாசோ எம்ஏ என்று போட்ட மோட்டார் சைக்கிள் ஒயில்தான் விடவேண்டும். கார் ஒயில் மலிவு என்று விட்டால் கிளச் வழுக்கும். கிளச் கவருக்குள் சுழலுகிற ஒயில் வடியில் சேர்ந்த கறுப்புச் சேற்றையும் வழித்தெடு. உனக்குப் பதினைந்து வயதில் அந்தக் கவரை நான் கராச்சால் வருமுன் தனியே கழற்றி, துப்புரவாக்கிப் பூட்டி, கிளச்சையும் அட்ஜஸ்ற் பண்ணி வைத்திருந்தாய். நட்டைத் தளர்த்தி வலது பக்கம் ஒரு சுற்று, பிறகு இடது பக்கம் இறுகும் வரை, திரும்ப வலது பக்கம் எட்டில் ஒரு பங்கு. யாரும் சொல்லித்தரவில்லை, நான் செய்ததைப் பார்த்தே பிடித்துவிட்டாய். அந்தக் கைக்குப் போய் ஒயில் பார்க்கச் சொல்லிக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறதே என்றுதான் ஆற்றாமை.

வீட்டுச் செய்தி கனக்க இல்லை. தங்கச்சிக்குச் சோதனை முடிந்தது. கிணற்று மோட்டருக்குக் கொயில் கட்டினோம். பின்வளவு மாமியின் மகன், உன்னோடு படித்த பிள்ளை, வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனோடு போனவன், எங்கேயோ எல்லையில் நிற்கிறான் என்று ஒரு செய்தி வந்தது. பிறகு அதுவும் இல்லை. ஏஜென்சிக்காரனின் போனும் வேலை செய்யவில்லை. காணி ஈட்டில் இருக்கிறது. மாமி கோயிலில் ஒருவரோடும் கதைக்கிறதில்லை. அம்மா போய்ப் பக்கத்தில் இருந்துவிட்டு வருவா.

தங்கச்சி அலுமாரியை ஒதுக்கும்போது உன் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் காணவில்லை என்றாள். சி 90இன் பதிவுப் புத்தகம், அந்த லொக் புக்கையும் காணவில்லை. நீதான் எடுத்திருப்பாய், உன்னுடைய சாமான்கள்தானே. மாரி வரப்போகிறது. அந்தக் கொட்டில் வீட்டில் தண்ணீர் ஒழுகும் என்று நீயே சொன்னாய். லொக் புக்கைப் பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு உயரத்தில் வை. நனையவிடாதே. ஒருவர் கையிலும் கொடுக்காதே, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றாலும் கொடுக்காதே. சி 90க்கு இப்போது நல்ல விலை சொல்கிறார்களாம். பரந்தனில் யாரோ விலை பேசுகிறார்கள் என்று இங்கே ஒருவர் வந்து சொன்னார். உன்னுடையது என்று அவர் சொல்லவில்லை.

இதை நான் எப்படி வைத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். 1990இல் எரிபொருளுக்குத் தடை வந்த பிறகு சேலைன் போத்திலில் துளித்துளியாகப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய இஞ்சின் இது. குளிரில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, பாரம் ஏற்றினால் இஞ்சின் தட்டும், எரியாத மிச்சம் ரிங்கைத் தாண்டி ஒயிலில் கலந்து அதைத் தண்ணீராக்கும். அதனால் ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டுவதும் ஒயிலை மாற்றுவதுமாகவே இருந்தேன். 1995 ஒக்ரோபர் 30, யாழ்ப்பாணச் சனம் இடம்பெயர்ந்த இரவு, அப்பம்மாவைப் பின்னால் இருத்தி நாவற்குழி வரை தள்ளிக்கொண்டு போனேன், ஓட இடம் இல்லை. தென்மராட்சியில் இருந்த நாட்களில் விலை கேட்டு வந்தார்கள். காசு தேவையான நேரம். சித்தப்பா வெளிநாடு போக ஆயத்தமானபோது என்னையும் கூப்பிட்டார். நான் கொடுக்கவும் இல்லை, போகவும் இல்லை. 2022இல் கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு 4 லீற்றர் தந்த காலத்தில் இதுதான் உன்னை வேலைக்குக் கொண்டுபோனது.

வேறு தேவை வந்து சி 90ஐ நீண்ட நாள் நிறுத்தத்தான் வேண்டும் என்றால் அதற்கும் முறை இருக்கிறது. பழைய ஒயிலோடு விடக்கூடாது, அமிலம் பெயாரிங்கைத் தின்னும். புது ஒயில் விட்டு ஓட்டி நிறுத்த வேண்டும். டாங்கியை நிரப்பினால் உள்ளே துரு பிடிக்காது. காபரேற்றர் கோப்பையில் இருக்கிற பெற்றோலைத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் காய்ந்து ஜெட்டை அடைக்கும். பிளக் துளையால் கொஞ்சம் ஒயில் விட்டு மெதுவாக இரண்டு மூன்று கிக், பிறகு பிஸ்டனைக் கொம்பிரஷன் உச்சியில் நிறுத்து, இரண்டு வால்வும் மூடியிருக்கும். பற்றறியைக் கழற்று. இவ்வளவையும் செய்து யாரோ ஒருவர் வளவில் விட்டுவிட்டுப் போகாதே. இங்கே கொண்டுவா. எவ்வளவு காலம் என்றாலும் நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் நீயே கொண்டுவர வேண்டும். லொறியில் ஏற்றி அனுப்பாதே. எங்கே போவது என்றாலும் முதலில் இங்கே வந்து அம்மாவோடு ஒருநாள் இருந்து கதைத்துவிட்டுப் போ. நான் குறுக்கே நிற்கமாட்டேன். கேட்காமல் இருப்பதற்கும் எனக்கு ஏலும், தெரியாமல் இருக்கத்தான் ஏலாது.

ஸ்ரான்லி வீதியில் 1.00 பிஸ்டன் செற் ஒன்று கண்டு வாங்கி வைத்திருக்கிறேன், ரிங்கும் பின்னும் லொக்கும் சேர்த்து. அம்மா கணக்குக் கேட்டா, சொல்லவில்லை. காஸ்கெற் செற்றும் இருக்கிறது. வெள்ளி இரவு வந்தாயென்றால் அப்போதே ஹெட்டை இறக்கிவிடலாம். லேத்காரர் சனிக்கிழமை மத்தியானம் வரைதான் இருப்பார். காலையில் சிலிண்டரையும் பிஸ்டனையும் சேர்த்துக் கொடுத்தால் பிஸ்டனை அளந்து அதற்கேற்றபடி போர் அடித்துத் தருவார். ஞாயிறு பூட்டலாம். புது ரிங்கோடு முதல் நாட்களில் பாரம் ஏற்றக்கூடாது, அதனால் திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு வா. இப்போது இருக்கிற பிளக்கைத் துடைக்காமல் அப்படியே கடதாசியில் சுற்றிக் கொண்டுவா, நான் பார்க்க வேண்டும். வரும்போது ஆனையிறவில் நிறுத்தி ஒருதரம் ஒயிலைப் பார்.

அன்புடன்,
அப்பா